கேடயக்காரரின் கேள்விகள்: இருப்பது ஒரு ரியாக்‌ஷன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் கேடயம் பிடித்துச் சண்டை போடும் கேரக்டர் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். கடைசிக் கேள்வி தவிர மற்றதெல்லாம் 2014 விதிகள்.

கேடயம் எடுத்தால் அடி குறையும், பெரிய வாள்தான் லாபம் என்கிறார்கள். உண்மையா அக்கா?

பாதி உண்மை. கிரேட்ஸ்வோர்டு (இரு கை வாள்) 2டி6, அதாவது ஆறுமுகப் பகடை இரண்டு, சராசரி 7. லாங்ஸ்வோர்டு 1டி8, சராசரி 4.5. டூயலிங் என்ற ஒரு கை ஆயுதச் சண்டை ஸ்டைல் எடுத்தால் இன்னொரு 2 சேர்ந்து 6.5. பெரிய வித்தியாசம் இல்லை. பதிலுக்குக் கேடயம் தருவது ஏசி (அடி உங்கள்மேல் பட எதிரி எட்ட வேண்டிய எண்) 2. பிளேட் கவசம் மட்டும் போட்டிருந்தால் ஏசி 18. பகடையோடு +5 கூட்டி அடிக்கும் ஆர்க் என்ற அரக்கனுக்கு டி20-இல் (இருபது முகப் பகடை) 13 விழுந்தால் போதும், 40 சதவீதம். கேடயமும் இருந்தால் 15 விழ வேண்டும், 30 சதவீதம். வாங்கும் அடியில் கால்வாசி மிச்சம். ஆனால் மேஜையில் எதிரே உட்கார்ந்திருக்கும் பெரிய வாள்காரர் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபீட்டும் (கேரக்டர் எடுக்கும் சிறப்புத் திறமை) எடுத்திருந்தால் அடிக் கணக்கில் அவரோடு போட்டி போடாதீர்கள்.

ப்ரொடெக்‌ஷன் ஸ்டைல், சென்டினல் ஃபீட், பேட்டில் மாஸ்டர் வகை ஃபைட்டரின் ரிப்போஸ்ட். மூன்றையும் எடுத்தால் என்னை அசைக்க முடியாதுதானே?

மூன்றும் ரியாக்‌ஷன் கேட்பவை. அதாவது அடுத்தவர் முறையிலும் சட்டென்று செய்யும் பதில் செயல். ஒரு சுற்றுக்கு உங்களிடம் இருப்பது ஒன்று. பக்கத்து நண்பரை எதிரி அடிக்கும்போது ப்ரொடெக்‌ஷன் போட்டுத் தடுப்பீர்களா, சென்டினலில் திருப்பி அடிப்பீர்களா? ஒன்றுதான் முடியும். இதில் சென்டினலை வைத்துக்கொள்ளுங்கள். ஓடப் பார்க்கிற எதிரியை நின்ற இடத்தில் நிறுத்துவது அது ஒன்றுதான். ஸ்டைலுக்கு டூயலிங். ரிப்போஸ்டுக்குப் (எதிரியின் அடி தவறினால் திருப்பி அடிப்பது) பதில் எதிரியை விழவைக்கும் டிரிப் அட்டாக்: உங்கள் அடி அவன்மேல் பட்ட பிறகு அதோடு சேர்த்துப் போடுவது, ரியாக்‌ஷனைத் தொடாது. கேடயக்காரருக்கு ஃபீட் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது ரியாக்‌ஷன் கேட்கிறதா, போனஸ் ஆக்‌ஷன் கேட்கிறதா (உங்கள் முறையில் கிடைக்கும் ஒரு கூடுதல் செயல்), சும்மாவே வேலை செய்கிறதா என்பதைத்தான்.

ஷீல்டு மாஸ்டர் ஃபீட் வைத்து எதிரியை முதலில் தள்ளி விழவைத்துவிட்டு, அப்புறம் அட்வான்டேஜோடு (டி20 இரண்டு உருட்டிப் பெரியதை எடுப்பது) அடிக்கலாமா? எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) முடியாது என்கிறார்.

உங்கள் டிஎம் பக்கம் விதி இருக்கிறது. போனஸ் ஆக்‌ஷனில் தள்ளுவது அட்டாக் ஆக்‌ஷன் முடிந்த பிறகுதான் என்று 2018-இல் அதிகாரபூர்வ விளக்கம் வந்தது. அதற்கு முன் வந்த பதில் நேர்மாறு, அதனால்தான் இன்னும் பல மேஜைகளில் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

சரி, விதிப்படியே ஆடினாலும் நஷ்டமில்லை. ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டு அடி. முதல் அடியை விட்டுக்கொடுத்து அந்த இடத்தில் தள்ளலாம். அதற்கு ஃபீட்டே வேண்டாம். இல்லையென்றால் இரண்டும் அடித்துவிட்டுக் கடைசியில் ஃபீட்டால் தள்ளுங்கள், ஆனால் இனிஷியேட்டிவைப் (யார் முறை எப்போது என்ற வரிசை எண்) பார்த்து. நீங்கள் 17, உங்கள் கூட்டாளி ரோக் (பதுங்கிக் குத்துபவர்) 14, எதிரி அரக்கன் ஓகர் 9 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அத்லெடிக்ஸ் +7, ஓகருக்கு +4. விழவைக்க 60 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் வாய்ப்பு. அது விழுந்தால் ரோக் அட்வான்டேஜோடு குத்துவார், ஸ்னீக் அட்டாக் 3டி6 சேரும். எழுந்திருக்கவே ஓகருக்கு 40 அடி தூர நகர்வில் 20 போய்விடும். அதே 14-இல் ரோக்குக்குப் பதில் தூரத்து வில்லாளி இருந்தால்? கீழே கிடப்பவனைத் தூரத்திலிருந்து எய்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு உருட்டிச் சிறியதை எடுப்பது). தள்ளிவிட்டு அவர் வாயில் விழாதீர்கள்.

பாலடின் (மந்திரமும் போடும் புனித வீரன்) நான். ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம். மந்திரம் போடலாமா?

கேடயத்தில் புனிதச் சின்னம் பொறித்திருந்தால் பிளெஸ் மந்திரம் போகும், அதற்குப் பொருள் தேவை உண்டு, சின்னமே அதற்கு ஈடு, அதைப் பிடித்த கையே போதும். க்யூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்குப் பொருள் கிடையாது, சொல்லும் கை அசைவும் மட்டும். அதனால் ஒரு கை காலியாக இருந்தாக வேண்டும்! கேட்கச் சிரிப்பாக இருக்கும், விதி அப்படித்தான். வார் காஸ்டர் ஃபீட் எடுத்தால் தொல்லை தீரும். பல டிஎம்கள் கண்டுகொள்வதும் இல்லை.

ஈட்டி, கேடயம், போல்ஆர்ம் மாஸ்டர் ஃபீட், மூன்றும் சேருமா?

2018 திருத்தத்தில் ஈட்டியும் அந்த ஃபீட்டில் சேர்ந்தது. ஈட்டியை ஒரு கையில் பிடிப்பதால் அந்த ஃபீட் தரும் கூடுதல் டி4 அடிக்கும் டூயலிங்கின் 2 கிடைக்கும். நல்ல ஜோடி. ஆனால் அந்த அடி போனஸ் ஆக்‌ஷன், ஷீல்டு மாஸ்டரின் தள்ளலும் போனஸ் ஆக்‌ஷன். ஏதாவது ஒன்று எடுங்கள்.

2024 விதியில் இதெல்லாம் மாறிவிட்டதா?

நமக்குச் சாதகமாகவே. ஷீல்டு மாஸ்டருக்கு இப்போது போனஸ் ஆக்‌ஷன் வேண்டாம். பக்கத்தில் நிற்கும் எதிரிமேல் அடி பட்டவுடனே கேடயத்தால் இடிக்கலாம், ஒரு டர்னுக்கு ஒருமுறை. ஸ்ட்ரென்த் சேவில் (பலத்தால் தப்பிக்க உருட்டுவது) தோற்றால் அவன் விழுவான், அல்லது 5 அடி தூரம் தள்ளிப் போவான். எனவே போல்ஆர்ம் மாஸ்டரோடு மோதலே இல்லை. ஈட்டியை விட்டு குவார்ட்டர்ஸ்டாஃப் (தடி) எடுத்துப் பாருங்கள்: அதன் மாஸ்டரி (ஆயுதத்துக்கே உரிய தனித்திறன்) எதிரியை விழவைக்கும் டாப்பிள், கான்ஸ்டிடியூஷன் சேவ் கேட்கும். அதில் எதிரி தப்பினால் கேடய இடி இருக்கிறது.