பாலைப்பழக் காலத்தில் வன்னிக்கு வாருங்கள்

கோடை தொடங்கும்போது இலங்கையின் வடக்கே இருக்கும் எங்கள் வன்னியில் காலநிலை எப்படி இருக்கும், காட்டு விலங்குகள், பறவைகளைக் காண முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் காணலாம். ஆனால் ஏப்ரலில் பார்க்கும் வன்னி வேறு, ஜூனில் பார்க்கும் வன்னி வேறு.

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி சூரியன் எங்களுக்கு நேர் உச்சிக்கு வரும். மத்தியானம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். காலையில் வானம் துடைத்துவிட்டது போல இருந்தாலும், பின்னேரம் முகில் கறுத்து இடியோடு மழை கொட்டும். அந்த நேரம் வயல்வெளியிலோ குளக்கட்டிலோ நிற்க வேண்டாம், மின்னல் பொல்லாதது. கொன்றை பூத்துத் தொங்கும், குயில் விடிய முன்னமே தொடங்கிவிடும். மாரி முழுக்க விடியலிலும், பொழுதுபடும் மைம்மலிலும் கூப்பிட்ட ஆறுமணிக்குருவி மட்டும் இந்தியாவுக்குத் திரும்பிவிடும்.

வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும் வைகாசியில் சோளகம் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்று பிடித்துவிடும். இந்தப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, எங்களிடம் வெறும் சூட்டுக் காற்றாக வந்து சேரும். குளங்கள் வற்றத் தொடங்கும். சேறு தெரியும் கரைகளில் நத்தைகுத்தி நாரைகள் இறங்கும், பின்னேரங்களில் மான்கள் தண்ணீருக்கு வரும். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கம் காலையில் போனால் நல்லது.

என்னைக் கேட்டால் ஜூனில்தான் வரவேண்டும். காரணம் பாலைப்பழம். சின்னதாக, மஞ்சளாக, வாயில் வைத்தால் உதடு ஒட்டும் அளவுக்குப் பால். அப்படி ஒரு இனிப்பு! தெருவோரம் சுண்டு என்னும் சிறிய அளவைப் பாத்திரக் கணக்கில் விற்பார்கள். எல்லா வருடமும் ஒரே மாதிரிக் காய்க்காது. நன்றாகக் காய்த்த வருடம் காடே அந்த மரங்களைச் சுற்றித்தான் இருக்கும். மேலே குரங்குகள் பாதி தின்று பாதி உதிர்க்கும். உதிர்ந்ததைப் புள்ளிமானும் பன்றியும் பொறுக்கும். கரடி மரத்திலேயே ஏறிவிடும். மரத்தடியில் முறிந்த கொப்புகள் கிடந்தால் பட்டையைக் கிட்டப்போய்ப் பாருங்கள்: நகம் இழுத்த கோடுகள், புதிது என்றால் பால் கசிந்திருக்கும். பக்கத்தில் கரடி எச்சம் இருந்தால் அதில் பளபளவென்று பாலை விதைகள்தான் நிறைய இருக்கும். இப்படி விதை பரவுவதால் கரடியும் காடு வளர்க்கிறது என்றே நான் நினைக்கிறேன். பாலையை வெட்டி விறகாக்குவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

ஈரமான புது எச்சம் கண்டால் அங்கே நிற்காமல் திரும்பி வந்துவிடுங்கள். கரடிக்குக் கண்பார்வை குறைவு, தின்னும்போது கவனமெல்லாம் பழத்தில்தான் இருக்கும். சோளகம் இரையும்போது உங்கள் காலடிச் சத்தமும் அதற்குக் கேட்காது. திடீரென்று கிட்டப்போய்விட்டால் பயத்தில் பாய்ந்துவிடும், முகத்தைத்தான் பிடிக்கும். அதனால் கதைத்துக்கொண்டே நடங்கள். ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடங்களில் பாதையை விட்டு ஓரடியும் விலகாதீர்கள்.

ஒட்டுசுட்டான் பக்கம் மைம்மலில் மோட்டார் சைக்கிளில் வராதீர்கள், யானை வீதி கடக்கும் நேரம் அது. காலை ஐந்தரைக்கெல்லாம் குளக்கட்டில் நிற்கப் பாருங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் விடாது.