ரீச்சரிடம் கேளுங்கள்: கச்சான் காற்றில் கோல்ஃப்

கேள்வி: ரீச்சர், ஆடிவேல் முடிந்த கையோடு ஆகஸ்டில் மூன்று நாள் லீவு எடுத்து, நண்பர்கள் நால்வர் கடற்கரைப் பக்கம் கோல்ஃப் ஆடப் போக யோசிக்கிறோம். பொரளையும் நுவரெலியாவும் ஆடி அலுத்துவிட்டன. அதிகம் பேர் போகாத இடமாக ஒன்று சொல்லுங்கள். மனைவிமாரும் வருகிறார்கள்.
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: முதலில் மழையைப் பாருங்கள், பிறகு மைதானத்தைத் தேடலாம். நாங்கள் இங்கே காலி வீதியில் குடையோடு அலைகிற நாட்களில் திருகோணமலையில் வானம் வெளுத்துக் கிடக்கும். ஒக்டோபர் பிறந்தால் அங்கேயும் மழை தொடங்கிவிடும். அதனால் ஆகஸ்ட் என்றால் என் பதில் சீனக்குடாதான். அங்கே விமானப்படை நடத்தும் ‘ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ்’ இருக்கிறது. கொழும்பில் பல வருடமாக ஆடுகிறவர்களே “அங்கே ஒரு மைதானமா?” என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதுவே அதன் பெரிய சுகம். பின்னால் ஒரு கூட்டம் இடுப்பில் கைவைத்து நிற்காது. மோசமாக அடித்தால் மோசமாக அடித்ததுதான், பார்த்துச் சிரிக்க ஆளில்லை.

படைமுகாம் என்பதை மறக்க வேண்டாம். முன்கூட்டியே பேசி நேரம் எடுத்துவிட்டு, எல்லோரும் அடையாள அட்டையோடு போங்கள். போன வருடம் நான் வாசலில் நின்றேன், என் அட்டை உப்புவெளியில் கட்டில் மேசையில் படுத்திருந்தது. போய் எடுத்து வர ஒரு மணித்தியாலம். அதற்குள் காற்று எழும்பிவிட்டது.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹபரணையை வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள். அந்தப் பாதையில் யானை குறுக்கே நின்றால் அதுவாக நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்களில் சரித்திரப் பிரியர் யாராவது இருந்தால் ஒரு தகவல்: 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு போட்ட ஜப்பானிய விமானங்கள் நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கு வந்தன. அன்று அடி வாங்கியவற்றில் இந்தச் சீனக்குடா விமானத்தளமும் ஒன்று.

மனைவிமாரைக் கடைசி வரியில் சாமான் பட்டியல் போலச் சேர்த்திருக்கிறீர்கள். அவர்களில் யாருக்காவது ஆட ஆசை இருக்கிறதா என்று கேட்டீர்களா? என்னையும் இருபது வருடம் யாரும் கேட்கவில்லை. இவர் ஆடப் போனால் நான் மரத்தடியில் கொப்பி திருத்திக்கொண்டிருப்பேன். ஒருநாள் அலுப்பில் எழும்பிப்போய் ஒரு பந்தை அடித்தேன், அது நேராகப் போய்த் தொலைத்தது. ஆசையில்லாதவர்களுக்குக் கன்னியா வெந்நீரூற்று இருக்கிறது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. கோணேஸ்வரத்துக்கு மாலையில் எல்லோருமாகப் போகலாம்.

கேள்வி: திருகோணமலை தூரம் என்றால் வேறு என்ன இருக்கிறது?
- தெஹிவளை வாசகி

பதில்: அம்பாந்தோட்டை. கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறினால் மூன்று மணித்தியாலத்துக்குள் போகலாம். அங்கே ஷங்ரிலா ஹோட்டலோடு சேர்ந்த பதினெட்டுக் குழி மைதானம், கடலை ஒட்டியது. அதை ஒளித்துவைத்த இரகசியம் என்று சொல்லமாட்டேன், மலிவு என்றும் சொல்லமாட்டேன். திரும்பும் வழியில் எருமைத் தயிர் முட்டி ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் 7ஆம் நம்பர் அயனில் (இரும்புத் தலைக் கோலில்) 140 யார் தூரம் அடிக்கும் நான், கடற்கரை மைதானத்தில் 130ஐக்கூடத் தொடவில்லை. வயசா, காற்றா?
- கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: வயசைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலே. அங்கே காற்று மெல்லியது, பந்துக்குத் தடை குறைவு. மலையில் 7 எடுத்த இடத்தில் கடற்கரையில் இன்னும் தூரம் போகும் 6 எடுங்கள். மலை உங்களுக்குக் கொடுத்த கடனைக் கடல் திருப்பி வாங்குகிறது, அவ்வளவுதான் கணக்கு.

காற்றுக்கு வருவோம். கச்சான் என்றால் காலிமுகத்திடலில் சுருளில் கட்டித் தருகிற கடலை என்றுதான் கொழும்பாருக்குத் தெரியும். கிழக்கில் அது காற்றின் பெயர். தென்மேற்கிலிருந்து தரை தாண்டி வருவதால் ஈரம் எல்லாம் வழியிலேயே போய், சூடாக வந்து முகத்தில் அடிக்கும். காலை ஆறரைக்குத் தொடங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு தொப்பியைப் பிடிப்பதா, பட்டர் கோலைப் பிடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

தரையும் வேறு. சீனக்குடாவில் முதல் நாள் நான் பொரளைப் பழக்கத்தில் வெட்ஜ் கோலை எடுத்து உயரத் தூக்கி அடித்தேன். பந்து குழியைச் சுற்றிய கிறீனில் விழுந்து, சீமெந்துத் தரையில் விழுந்த மாதிரித் துள்ளி, பின்னால் பற்றைக்குள் போய்விட்டது. இரண்டாம் முறையும் அதே அடி, அதே பற்றை. மூன்றாவது குழியில் புத்தி வந்தது. அதே 7ஆம் நம்பர் அயனை எடுத்து, பந்தை வலது காலுக்குக் கிட்ட வைத்து, கையைக் கொஞ்சம் கீழே பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் கூட்டுகிற மாதிரித் தட்டினேன். பந்து முழங்கால் உயரத்தில் போய், கிறீனுக்குப் பத்து யார் முன்னாலேயே இறங்கி, காய்ந்த புல்லில் உருண்டு உருண்டு போய்க் கொடிக்கு ஒரு பாய் அகலத்தில் நின்றது. காற்றுக்கு அதைப் பிடிக்க நேரமே கிடைக்கவில்லை. ஊருக்குப் போகுமுன் வீட்டு முற்றத்தில் ஐம்பது தடவை தட்டிப் பாருங்கள், பூச்சாடியை நகர்த்திவிட்டு.

கேள்வி: வான் வண்டியில் கோல்ஃப் பையைக் கொண்டுபோனால் கிளப் (ஆடும் கோல்) உடையுமா?
- பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: உடையும். ட்ரைவர் என்கிற என் நீளக் கோலின் தலை வான் கூரையில் கட்டிப் போனபோது முறிந்தது. சாரதியில் பிழையில்லை, கட்டியது நான். இப்போது பழைய தும்புத்தடியின் கம்பை ட்ரைவரைவிட இரண்டு அங்குலம் கூட வரும்படி வெட்டிப் பைக்குள் நட்டுவைக்கிறேன். இடி வந்தால் கம்பு வாங்கிக்கொள்ளும். கடற்கரையில் ஆடி முடித்ததும் இரும்புகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள், உப்பு ஒரே இரவில் வேலையைக் காட்டும்.

கேள்வி: ஓய்ந்து நின்ற பந்தைக் காகம் தூக்கிக்கொண்டு போனால் என்ன விதி?
- மட்டக்குளி வாசகர்

பதில்: தண்டனை இல்லை. காகம் தூக்கியது நிச்சயம் என்றால், பந்து முதலில் இருந்த இடத்திலேயே அதை, எளிதில் எடுக்க முடியாவிட்டால் வேறு பந்தை, வைத்து ஆட வேண்டும். இடம் சரியாகத் தெரியாவிட்டால் மனச்சாட்சிப்படி மதிப்பிடுங்கள். பந்தைக் காணவில்லை என்பதற்காகக் காகத்தைக் குற்றம் சாட்டக்கூடாது.

பொரளையில் மைதானத்துக்கு நடுவாலேயே களனிவெளி ரயில் பாதை போகிறது. ஒருநாள் என் பந்தை ஒரு காகம் முட்டை என்று நினைத்துத் தூக்கியது. அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. காகம் பயந்து பந்தைக் கீழே போட, அது குழிக்கு இருபது யார் கிட்டே விழுந்தது. யன்னலோரம் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் பந்தை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்து அடித்தேன். காகம் போட்ட இடத்துக்குக்கூடப் போகவில்லை.