யாத்: தோரா வாசிக்கும் வெள்ளி விரல், கேள்வி பதில்

யூதர்கள் தங்கள் வேதமான தோரா சுருளை வாசிக்கும்போது வரியைச் சுட்டப் பயன்படுத்தும் சிறு கோல் யாத். பழைய யாத்களைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஐயா, விரலாலேயே தொட்டுப் படித்தால் என்ன?

வெறுங்கை சுருளில் படக்கூடாது என்பது மரபு. அதில் நடைமுறைக் காரணமும் உண்டு. பதப்படுத்திய தோலில் இறகுப் பேனாவால் எழுதியது அது. மை தோலின் மேலேயே படிந்து நிற்கும், கை வியர்வை பட்டுப் பட்டு உதிர்ந்துவிடும். மொத்தம் 3,04,805 எழுத்துகள். ஒன்று சிதைந்தாலும், சரிசெய்யும்வரை அந்தச் சுருளைச் சபையில் வாசிக்க முடியாது. அப்புறம், சுருளில் உயிர்க்குறி, இசைக்குறி, நிறுத்தற்குறி எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு ராகத்தோடு படிக்க வேண்டும். கண் ஒரு வரி தாவினால் போச்சு!

ஏன் நுனியில் குட்டிக் கை?

எபிரேயத்தில் யாத் என்றாலே கைதான்.

மேலே சங்கிலி எதற்கு?

வாசித்து முடித்துச் சுருளுக்கு உறை போட்டதும், அதன்மேல் தொங்கவிட.

84 என்ற முத்திரையோடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா சார்?

84 என்பது ரஷ்யப் பேரரசின் வெள்ளித் தரம்: 96 பங்கில் 84, அதாவது 87.5 சதவீதம். போலிகளிலும் இதே முத்திரையைக் குத்துகிறார்கள், அதனால் தேய்மானத்தைப் பாருங்கள். பல தலைமுறை பிடித்த தண்டில் பூவேலை மழுங்கியிருக்கும், விரல் எட்டாத இடுக்குகளில் மட்டும் கூர்மை மிஞ்சியிருக்கும். சங்கிலி உரசிய வளையம் ஒரு பக்கமாக மெலிந்திருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

கறுத்துவிட்டது. விபூதி போட்டுத் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். தேய்க்கத் தேய்க்க வெள்ளி போகும், பொறித்த பெயரும் சேர்ந்து போகும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

பெயர் அவ்வளவு முக்கியமா?

ஆமாம். இரண்டாம் உலகப்போரின்போது நாஜிகள் பொஹீமியா, மொராவியா (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) ஊர்களின் யூதர்களை முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய ஜெபாலயப் பொருட்கள் பிராக் யூத அருங்காட்சியகத்தில் வந்து குவிந்தன. அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. பிராகில் தங்கிவிட்ட சுருள்களில் 1,564 மட்டும் 1964இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெபாலயத்துக்குப் போயின. இன்னாருடைய நினைவாக, இன்ன ஊர்ச் சபைக்கு என்று யாத்தின் தண்டில் வெட்டிய ஒரு வரிதான் சில குடும்பங்களுக்கு மிஞ்சிய தடயம். அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் முதலில் அந்த ஊரைத் தேடுங்கள், விலையை அப்புறம் பேசலாம்.