மத்தியஸ்தத் திட்டத்துக்கு நிதி வந்தா எதுக்கு ஒதுக்கணும்?

திருகோணமலையில பிணக்குத் தீர்க்கிற திட்டம் ஒண்டுக்கு நிதி வரப் போகுது, பட்ஜெட்ல எதுக்குக் கூட ஒதுக்கலாம் எண்டு கேட்டிருக்கிறீங்க. நான் சொல்றது காணி அளக்கிற சர்வேயருக்கு. சிரிக்காதீங்க.

கொஞ்சக் காலம் இப்பிடி ஒரு புரொஜெக்ட்ல ஃபீல்ட் ஒஃபிசரா இருந்தன். மூதூர்ப் பக்கம் ஒரு வேலிப் பிரச்சினை. 2006 சண்டையில ஓடினவங்க திரும்பி வந்து பாத்தா வேலியும் இல்ல எல்லைக்கல்லும் இல்ல, மிஞ்சினது ஒரு வேப்பமரம், ரெண்டு வீட்டாரும் அது தங்கட வளவுக்குள்ள எண்டு நிக்கிறாங்க. ஒரு வீடு தமிழ், மற்ற வீடு முஸ்லிம், ஆனா அங்க ஆரும் இனப் பிரச்சினை கதைக்கல்ல, மரத்தைப் பற்றித்தான் கதைச்சாங்க. மூண்டு தரம் இருந்து கதைச்ச பிறகு தமிழ் வீட்டு அண்ணன் மற்ற வீட்டுக்காரரிட்ட, "சரி நானா, மரம் உங்களுக்கே இருக்கட்டும், கிணத்துக்குப் போற பாதைய மட்டும் விடுங்க" எண்டார். கையெழுத்தும் வச்சாச்சு, எங்கட ரிப்போர்ட்ல 'தீர்ந்தது' எண்டு ஒரு நம்பரும் கூடிச்சு. பிறகு அளந்து கல்லுப் போட சர்வேயர் கேட்ட காசு ரெண்டு பேரிட்டயும் இல்ல, எங்கட பட்ஜெட்லயும் இல்ல, ஹோட்டல்ல ரெண்டு நாள் வேர்க்‌ஷொப்புக்கு மட்டும் பெனர், பேக், பகல் சாப்பாடு எண்டு தாராளமா இருந்துச்சு. ஆறு மாசத்தில வேலி நகர்ந்து, ஆக்கள் பொலிசில.

இன்னொண்டு, புதுசா கமிட்டி போடாதீங்க. 1988ம் ஆண்டு 72ம் இலக்கச் சட்டத்தில வந்த அரசாங்க மத்தியஸ்த சபை இருக்குத்தானே, ரெண்டு தரப்பும் ஆளுக்கொருத்தரைத் தெரிவு செய்ய அந்த ரெண்டு பேரும் மூண்டாவது ஆளைத் தலைவரா எடுப்பாங்க, லோயர் வர ஏலாது, மத்தியஸ்தர்மாருக்குச் சம்பளமும் இல்ல. எங்கட பக்கம் கனபேர் ரிட்டயர்ட் டீச்சர்மார், லீவு நாளில ஸ்கூல் கதிரையைத் தாங்களே இழுத்துப் போட்டு இருப்பாங்க. காணிக்கெண்டு விசேட சபையும் இருக்கு. இதுக்கு மேல நீங்களும் ஒண்டு வச்சா சனம் இங்க சரிவரல்லயெண்டா அங்க ஓடும். அந்தக் காசில இவங்களுக்கு பஸ் காசு, கந்தளாய்ப் பக்கத்து வழக்குக்கு சிங்களமும் தமிழும் தெரிஞ்ச ஒருத்தர், காணிப் பதிவு தேடி எடுக்கிற செலவு, இதுகளைப் போடுங்க. மீன்பிடிக்கிறவங்கட சுருக்குவலை கரைவலைச் சண்டைய மட்டும் மூண்டு பேர் இருந்து தீர்க்கலாம் எண்டு எழுதிராதீங்க, அது ரெண்டு ஆளின்ட பிரச்சினை இல்ல, முழுக் கரையும் வந்து நிக்கும். அடிபட்டு வாற பொம்பிளையையும் 'ஒத்துப் போ' எண்டு அனுப்பிற இடமா ஆக்கிராதீங்க.

காசு குடுக்கிறவங்க எத்தனை பிணக்கு தீர்ந்தது எண்டுதான் கேட்பாங்க. நீங்களா ஒரு வருசத்துக்குப் பிறகு எத்தனை இணக்கம் இன்னும் நிக்குது எண்டு ஒரு வரி சேத்து, அந்த வீடுகளுக்குப் போய் வாற மோட்டச்சைக்கிள் பெற்றோலுக்கும் சேத்துக் கேளுங்க. புரொப்போசல்ல அதுக்கு 'கண்காணிப்பு' எண்டு பேர் வச்சா லேசில வெட்ட மாட்டாங்க.