கேக் விற்கிறது, காசு நிற்கவில்லை: காவேரிப்பட்டணம் வாசகிக்குப் பதில்

கேள்வி: ஓராண்டுக்கு முன் கிருஷ்ணகிரியில் கேக் அலங்காரம் கற்றுக்கொண்டு, காவேரிப்பட்டணத்தில் வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்து வருகிறேன். வகுப்புக் கட்டணம், ஓவன், கிரீம் அடிக்கும் பீட்டர் ஆகியவற்றுக்காகக் குழுக் கடனாக 60,000 ரூபாய் வாங்கினேன். வாரம் 750 ரூபாய் வீதம் 104 வாரங்கள் கட்ட வேண்டும். இன்னும் 50 வாரங்கள் இருக்கின்றன. மாதம் சுமார் 24 கேக் செய்கிறேன், பெரும்பாலும் ஒரு கிலோ. வெளியாருக்கு 700 ரூபாய். உறவினர்களுக்குப் போகும் பத்து கேக்குகளுக்கு மட்டும் பொருள் காசு 350 ரூபாய் வாங்குகிறேன். அதிலும் நான்கு பேராவது அப்புறம் தருவதாகச் சொல்லிவிடுகிறார்கள். கடந்த டிசம்பர் 31 அன்று சொந்தக்காரர்களின் கேக்குகளை முடிப்பதற்காக வெளியார் ஆர்டர் ஐந்தைத் திருப்பி அனுப்பினேன். தவணைக்குப் பணம் போதாமல் தோட்டை அடகு வைத்தேன். சிறிது சிறிதாகக் கூட்டி வாங்கியதில் அந்தக் கடன் ஓராண்டில் 18,000 ஆகிவிட்டது. கணவரின் சம்பளம் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சரியாக இருக்கிறது. இப்போது கிருஷ்ணகிரி பெங்களூரு சாலையில் 9,000 ரூபாய் வாடகையில் ஒரு கடை கிடைக்கிறது. 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்திருக்கிறேன். 3 லட்ச ரூபாய் கடன் வாங்கிக் கடையைத் தொடங்கலாமா, அல்லது முதலில் 18,000 ரூபாய் கட்டணத்தில், சர்வதேசச் சான்றிதழ் தரும் மூன்று நாள் ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு) வகுப்புக்குப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். கடைக்கும் வகுப்புக்கும் இடையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பணம் கரையும் இடம் இந்த இரண்டிலும் இல்லை, கடிதத்தின் நடுவில் நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் பத்து கேக்குகளில் இருக்கிறது.

முதலில் பொருள் காசு என்பதைப் பார்ப்போம். மைதா, முட்டை, சர்க்கரை, வெண்ணெய், விப்பிங் கிரீம், எசன்ஸ் ஆகியவற்றை மட்டும் கூட்டினால், இப்போதைய விலையில் ஒரு கிலோ கேக்குக்குச் சுமார் 330 ரூபாய் ஆகும். நீங்கள் 350 வாங்கும்போது இருபது ரூபாயாவது மிஞ்சுவதாக நினைத்துக்கொள்கிறீர்கள். ஆனால் பெட்டி, கேக் போர்டு, பட்டர் பேப்பர், மெழுகுவத்தி, பிளாஸ்டிக் கத்தி ஆகியவற்றுக்கு 50 ரூபாயும், ஓவனுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் ஆகும் மின்சாரம், கேக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் ஆகியவற்றுக்கு 40 ரூபாயும் சேர்த்தால் உண்மையான செலவு 420. அதாவது காசு கொடுக்கும் உறவினர் ஒவ்வொருவரிடமும் 70 ரூபாயும், அப்புறம் தருவதாகச் சொல்லிப் போகிறவரிடம் முழு 420 ரூபாயும் இழக்கிறீர்கள். ஆறு பேருக்கு 420, நான்கு பேருக்கு 1,680, ஆக மாதம் 2,100 ரூபாய் நட்டம்.

வெளியார் பதினான்கு பேரிடம் கேக் ஒன்றுக்கு 280 ரூபாய் மிஞ்சுகிறது, மொத்தம் 3,920. அதில் 2,100 போனால் கையில் நிற்பது 1,820. வாரம் 750 என்பது மாதக் கணக்கில் 3,250. ஒவ்வொரு மாதமும் 1,430 ரூபாய் குறைகிறது, ஆண்டுக்கு 17,160. உங்கள் நகைக் கடன் ஓராண்டில் 18,000 ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. உறவினர் கேக்குகளால் ஆண்டுக்கு 25,200 ரூபாய் போகிறது என்பதால், அந்த வழக்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கவே வேண்டாம். சொந்தக்காரர்களின் பிறந்தநாளுக்கு உங்கள் காதுத் தோடு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இதில் உங்கள் உழைப்பைச் சேர்க்கவே இல்லை. ஸ்பாஞ்ச் சுட்டு, ஆறவிட்டு, கிரீம் அடித்து, அடுக்கி, அலங்கரித்து, பாத்திரங்களைக் கழுவி முடிக்க ஒரு கேக்குக்கு நான்கு மணி நேரம் என்று வைத்தால் மாதம் 96 மணி நேரம் ஆகிறது; 1,820 ரூபாயை அதற்குப் பங்கிட்டால் மணிக்கு 19 ரூபாய்தான் வரும். 2025-26ஆம் நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய், எட்டு மணி நேரமாகக் கொண்டால் மணிக்கு 42. கைத்தொழில் கற்று, கடன் வாங்கி, ஓவன் வாங்கிய பிறகு அதில் பாதியைக்கூட நீங்கள் எட்டவில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்தில் நிப்பட்டுக் கடைக்குப் போய், மாவுக்கும் எண்ணெய்க்கும் மட்டும் காசு தருகிறேன் என்று எந்த உறவினரும் கேட்பதில்லை. வீட்டில் இருக்கும் பெண் செய்வதால்தான் கேக்குக்கு மட்டும் அப்படிக் கேட்கத் தோன்றுகிறது.

டிசம்பர் 31 குறித்து நீங்கள் எழுதியதுதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. நம் ஊர்களில் புத்தாண்டு நள்ளிரவுக்குக் கேக் வெட்டும் பழக்கம் இப்போது சிற்றூர் வரை வந்துவிட்டது. வீட்டில் கேக் செய்பவருக்கு ஆண்டின் மிகச் சிறந்த நாள் அது. உங்கள் ஓவனிலோ ஒரு நேரத்தில் ஓர் அளவுதான் வைக்க முடியும். அன்று ஓவனை உறவினர்களுக்குக் கொடுத்ததால் திருப்பி அனுப்பிய ஐந்து ஆர்டர்களில் 1,400 ரூபாய் போனது ஒருபுறம் இருக்கட்டும், அந்த ஐந்து குடும்பங்களும் வேறொருவரின் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் பெரிய இழப்பு.

உறவை முறித்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாத்தனார் மகளின் மஞ்சள் நீர் விழாவுக்கும் ஓரகத்தியின் வளைகாப்புக்கும் கேக் கொடுக்காமல் இருக்க முடியாது, இருக்கவும் வேண்டாம். ஆனால் அதைக் கேக் தொழில் கொடுக்கக் கூடாது, குடும்பம் கொடுக்க வேண்டும். உங்கள் வீட்டில் மொய் நோட்டு ஒன்று கட்டாயம் இருக்கும். எந்த விசேஷத்துக்கு நீங்கள் 500 அல்லது 1,000 ரூபாய் மொய் எழுதுவீர்களோ, அந்த விசேஷத்துக்கு மட்டும், அந்தத் தொகைக்கு ஈடாகக் கேக் கொடுங்கள். கேக்கின் முழு விலையான 700 ரூபாயைக் குடும்பச் செலவுக் காசிலிருந்து எடுத்துத் தொழில் டப்பாவில் போட்டுவிட்டு, மொய் நோட்டில் கேக் என்று எழுதி வையுங்கள். இப்படிச் செய்யும்போது மாதம் எத்தனை கேக்கை உண்மையிலேயே மொய்யாகக் கொடுக்க உங்கள் குடும்பத்தால் முடியும் என்பது முதல் மாதமே தெரிந்துவிடும். அநேகமாக ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சாதாரணப் பிறந்தநாளுக்கு நீங்கள் மொய் எழுதுவதில்லை. அதற்குக் கேக்கும் மொய்யாகப் போக வேண்டியதில்லை.

மற்ற எல்லோருக்கும் ஒரே விலைப் பட்டியல், பாதிப் பணம் முன்கூட்டியே ஜிபேயில் வந்த பிறகுதான் கிரீமை வெளியே எடுப்பது என்ற ஒரே விதி. இதைத் தனித்தனியாக விளக்கிக்கொண்டிருக்காமல், விலைப் பட்டியலை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிடுங்கள். மாமியார் வீட்டுப் பக்கம் இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்லர், உங்கள் கணவர். மருமகள் சொன்னால் அது கணக்குப் பார்க்கும் குணமாகத் தெரியும். மகன், குழுக் கடன் தவணை இன்னும் ஓராண்டு இருக்கிறது, இனி எல்லோருக்கும் ஒரே விலைதான் என்று தன் அம்மாவிடமும் அக்காவிடமும் சொன்னால் பேச்சு அத்துடன் முடியும். இதைச் சொல்ல அவர் தயங்குவாரானால், 3 லட்ச ரூபாய்க் கடனில் அவர் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பது எப்படி என்று கேளுங்கள். பழைய பாக்கியைத் துரத்த வேண்டாம். ஒருமுறை நினைவூட்டுங்கள், வந்தால் சரி.

இதனால் உறவினர் ஆர்டர் குறையும் என்பது உண்மைதான். பத்தில் ஆறு பேர் விலகி, நால்வர் மட்டும் முழு விலை கொடுத்து வாங்குவதாகவே வைத்துக்கொள்வோம். பதினெட்டு கேக், தலைக்கு 280, மொத்தம் 5,040 ரூபாய். குழுத் தவணை போக 1,790 மிஞ்சும். இருபத்து நான்கு கேக்கில் பற்றாக்குறை இருந்த இடத்தில் பதினெட்டு கேக்கில் மிச்சம் வருகிறது, அதுவும் மாதம் 24 மணி நேரம் குறைவாக உழைத்து.

அந்த 1,790 ரூபாயை மாதந்தோறும் நகைக் கடனின் அசலில் கட்டுங்கள். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்தால் குழுக் கடனைத்தான் முதலில் அடைக்க வேண்டும். 60,000 வாங்கி 78,000 திருப்பிக் கட்டுவது ஆண்டுக்கு 15 விழுக்காடு போலத் தோன்றினாலும், அசல் வாரந்தோறும் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் அது ஏறத்தாழ 27 விழுக்காடு. ஆனால் அந்தக் கடன் தவணை மூலம் தானாகவே தேய்ந்து வருகிறது. நகைக் கடனோ வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கும் பழக்கத்தால் குறையாமல் வளர்கிறது, கட்டத் தவறினால் தோடு ஏலத்துக்கும் போகும். மாதம் 1,790 வீதம் கட்டினால் ஓராண்டுக்குள் தோடு வீடு வந்துவிடும். ஏறக்குறைய அதே சமயத்தில் குழுக் கடனும் முடியும். இடையில் ஏதேனும் மொத்தத் தொகை கைக்கு வந்தால் குழுக் கடனை முன்கூட்டியே அடையுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி இதுபோன்ற நுண்கடனை முன்னதாக முடிப்பதற்கு அபராதம் வசூலிக்கக் கூடாது. குழுவில் வேறு பெயரில் அடுத்த சுற்றுக் கடன் தருகிறோம் என்பார்கள். வாங்காதீர்கள்.

கடைக்கு வருகிறேன். வாடகை 9,000, உதவிக்கு ஓர் ஆள் 8,000, கண்ணாடிக் குளிர்ப்பெட்டியுடன் கடை மின்கட்டணம் 3,000, மூன்று லட்ச ரூபாய்க் கடனுக்கு 12 விழுக்காட்டில் மூன்று ஆண்டுத் தவணை கிட்டத்தட்ட 10,000 என்று வைத்தால், கதவைத் திறந்து வைக்கவே மாதம் 30,000 ரூபாய் வேண்டும். அதை 280ஆல் வகுத்தால் 107 கேக். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சாமல், விற்காமல் வீணாகும் கேக்கையும் சேர்க்காமல், 107. இன்று உங்களிடம் முழு விலை கொடுத்து வாங்குபவர்கள் பதினான்கு பேர். பெங்களூரு சாலைக்குப் பெட்டியை மாற்றுவதால் அவர்கள் ஏழு மடங்கு ஆகிவிடமாட்டார்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் பேக்கரிகளோடு நீங்கள் விலையில் மோத வேண்டியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான ஜிஎஸ்டி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டதால், வரிப் பதிவு இல்லாத வீட்டுக் கேக் மலிவு என்ற வாதமும் முன்புபோல் எடுபடாது. டோக்கன் 5,000 ரூபாயைக் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் திருப்பித் தராவிட்டால் போகட்டும். பதினெட்டு கேக்கின் மிச்சம் அது, கடையின் ஒரு மாத வாடகையைவிடக் குறைவு.

ஃபாண்டன்ட் வகுப்புக்கு 18,000 ரூபாய் என்பது உங்கள் நகைக் கடனுக்குச் சமமான தொகை என்பதைக் கவனித்தீர்களா? மூன்று நாளில் தரப்படும் சர்வதேசச் சான்றிதழை எந்த வாடிக்கையாளர் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் பதினான்கு பேரில் ஃபாண்டன்ட் கேக் வேண்டும் என்று கேட்டவர் எத்தனை பேர் என்பதை ஆர்டர் நோட்டில் பாருங்கள். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஃபாண்டன்ட் நம் பக்கத்து ஏப்ரல், மே வெயிலில் வியர்த்துப் பிசுபிசுத்துப் போகும்; அதை இருசக்கர வண்டியில் ஊத்தங்கரை வரை கொண்டுபோவது தனிச் சோதனை. கற்பதில் தவறில்லை, ஆனால் கையில் கேட்டு நிற்கும் ஆர்டருக்காகக் கற்க வேண்டும். பேக்கரித் தொழிலின் அடிப்படைகளை இன்னும் உறுதிப்படுத்த விரும்பினால், வங்கிகள் மாவட்ட அளவில் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் கட்டணமின்றிப் பயிற்சி தருகிறார்கள். அடுத்த பேக்கரிப் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள்.

அதற்குப் பதிலாக ஒன்றைச் செய்து பாருங்கள். மாங்கூழ் ஆலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, நீங்களும் எல்லோரையும்போல பிளாக் ஃபாரஸ்ட்டும் ஒயிட் ஃபாரஸ்ட்டும் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் நல்ல மாம்பழக் கூழ் அடுக்கிய ஒரு கேக்கை 850 ரூபாய்க்கு வையுங்கள். கூழுக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகச் செலவானாலும் மிச்சம் 380 ஆகிறது. புது வகுப்பும் வேண்டாம், புதுக் கருவியும் வேண்டாம்.

முழு விலை கொடுக்கும் ஆர்டர் தொடர்ந்து மூன்று மாதம் நாற்பதைத் தாண்டினால், அப்போதும் முதலில் தேவைப்படுவது கடை அன்று, பெரிய அளவிலான இரண்டாவது ஓவன். அதைக் கைக்காசில் வாங்க முடியாவிட்டால், 50,000 ரூபாய் வரை அடமானமின்றித் தரப்படும் முத்ரா சிசு கடனுக்கு உங்கள் கணக்கு இருக்கும் வங்கியிலேயே விண்ணப்பியுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும், ஆறு மாத விற்பனையைக் காட்டும் நோட்டும், ஜிபே வரவும் கையில் இருக்கட்டும். அந்த நோட்டில் உறவினர் ஆர்டரும் அதே விலையில் எழுதப்பட்டிருந்தால்தான் வங்கி மேலாளர் பார்க்கும் வருமானம் உங்கள் உண்மையான வருமானமாக இருக்கும்.