எண்ணெய்ப் படலமும் வெடிக்கும் எண்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சர்க்கரை ஆலை கியர்பாக்ஸிலுள்ள ரோலர் பேரிங்குக்கு எண்ணெய்ப் படலக் கணக்கைப் பைத்தானில் எழுதினேன். சுமை குறைவென்றால் விடை வருகிறது. உச்ச அழுத்தம் 1 கிகா பாஸ்கலை நெருங்கினால் எண்கள் வெடித்துவிடுகின்றன. கணக்கிடும் புள்ளிகளின் கட்டத்தை நெருக்கியும் பயனில்லை.
— வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: கட்டத்தின் மேல் பழி போடாதீர்கள். முதலில் பாகுநிலைச் சூத்திரத்தைப் பாருங்கள். பாகுநிலை அழுத்தத்தோடு அடுக்குக்குறியாக ஏறும் என்னும் பாரஸ் விதியென்றால், அழுத்தக் கெழு (அந்த ஏற்றத்தின் வேகம்) ஒரு கிகா பாஸ்கலுக்கு 20 உள்ள எண்ணெய், 1 கிகா பாஸ்கலில் 48 கோடி மடங்கு கெட்டியாகும். அதே எண்ணெய்க்கு, உயர் அழுத்தத்தில் ஏற்றத்தை மட்டுப்படுத்தும் ரூலாண்ட்ஸ் சூத்திரம் சுமார் 4 லட்சம் மடங்குதான் தரும். அதற்கு மாறுங்கள்.

அதோடு தொல்லை தீராது. படலத்தின் அழுத்தத்துக்கு ரெனால்ட்ஸ் 1886-இல் தந்த சமன்பாட்டில் அழுத்தச் சரிவோடு வரும் கெழு, படலத் தடிமனின் மும்மடியைப் பாகுநிலையால் வகுத்தது. இரு எஃகுப் பரப்புகளும் அழுந்தும் தொடர்பின் நடுவே அது கிட்டத்தட்டப் பூஜ்யம். புள்ளி புள்ளியாகப் போய் விடையைத் திருத்தும் காஸ்–சைடல் முறை அந்தப் பூஜ்யத்தால்தான் வகுக்கிறது. அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்? அங்கே மிஞ்சுவது வேகத்தோடு வரும் உறுப்பு மட்டும். அதிலுள்ள தடிமனோ எஃகு எவ்வளவு அமுங்கியது என்பதைப் பொறுத்தது. ஒரு புள்ளியில் அழுத்தினால் பரப்பு முழுவதும் அமுங்கும். ஆகவே வகுக்கும் எண்ணில் அமுங்கலின் பங்கையும் சேருங்கள். நடுப்பகுதியில், ஒரு புள்ளியில் கூட்டிய அழுத்தத்தை இரு பக்கத்துப் புள்ளிகளிலும் பாதிப் பாதியாகக் கழித்துவிடுங்கள். தூரத்துப் பரப்பு அசையாது.

ஒவ்வொரு சுற்றிலும் வரும் திருத்தத்தில் 5 முதல் 10 சதவீதமே எடுங்கள். எதிர்மறை அழுத்தத்தை அவ்வப்போது பூஜ்யமாக்குங்கள். 0.3 கிகா பாஸ்கலில் தொடங்கி, வந்த விடையையே அடுத்த சுமைக்குத் தொடக்கமாக வையுங்கள். வெளியேறும் பக்கம் கூரான அழுத்த முள் தெரிந்தால் அது பிழையன்று. கட்டத்துக்குக் கட்டம் அதன் உயரம் மாறும். அதைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: விடை வந்தாலும் சரியென்று எப்படித் தெரியும்?
— வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: கணக்கிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டு, உலர்ந்த தொடர்புக்கான ஹெர்ட்ஸ் விடையோடு ஒப்பிடுங்கள். எஃகோடு எஃகு, சமான ஆரம் 10 மி.மீ., நீளத்தில் மீட்டருக்கு 272 கிலோ நியூட்டன் சுமை: உச்ச அழுத்தம் 1 கிகா பாஸ்கல், அரை அகலம் 0.17 மி.மீ. வர வேண்டும். 0.7 கிகா பாஸ்கல் வந்தால், சமான மீள்குணகத்தில் (இரு பரப்புகளின் விறைப்பையும் சேர்த்துச் சொல்லும் எண்) 2 என்ற காரணி தவறிவிட்டது. ஒரு நூலில் அது எஃகுக்கு 231, இன்னொன்றில் 115 கிகா பாஸ்கல். இரண்டும் சரி, கலந்தால்தான் வம்பு.

பிறகு 0.04 பாஸ்கல்-விநாடி எண்ணெயை (40 டிகிரியில் வி.ஜி. 46 என்னும் பாகுநிலைத் தர எண்ணெய்) அதே கெழு 20-ஓடு, சராசரி வேகம் வினாடிக்கு 2 மீட்டர் என்று ஓட்டுங்கள். படலத் தடிமனுக்கான டௌசன்–ஹிக்கின்சன் சூத்திரப்படி மிகக் குறைந்த தடிமன் 0.4 மைக்ரான் அளவில் வரும். 0.6-ஐத் தாண்டினால், இரு பரப்புகளின் வேகத்தையும் கூட்டிவிட்டு 2-ஆல் வகுக்க மறந்திருப்பீர்கள்.

கேள்வி: பம்பின் ரப்பர் சீலுக்கும் இதே நிரல் ஆகுமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: ஆகாது. அங்கே அழுத்தம் 2 மெகா பாஸ்கல் என்றால் எண்ணெய் 4 சதவீதம்தான் கெட்டியாகும். பாகுநிலையை மாறிலியாகவே வையுங்கள். சீலின் உதடு மெல்லியது என்பதால் முடிவில்லாத் தடிமன் என்று கொள்ளும் அமுங்கல் சூத்திரமும் பொருந்தாது. பொருளைச் சிறு துண்டுகளாகப் (எலிமென்ட்) பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறை வேண்டும். ரப்பரின் பாய்சான் விகிதம் 0.5-ஐ ஒட்டியது; அதாவது அழுத்தினால் அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறாது. சாதாரண எலிமென்ட் போட்டால் ரப்பர் கல்லாக இறுகிவிடும்; அழுத்தத்தையும் தனி மாறியாக எடுக்கும் ஹைப்ரிட் எலிமென்டைப் போடுங்கள்.