மூஸ் ஜோவுக்குப் போகும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி–பதில்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்திலுள்ள மூஸ் ஜோ என்ற சிறு நகரத்துக்குக் குடிபெயரும் குடும்பங்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். கடிதங்களில் பாதி ‘கனடா என்றால் ரொறன்ரோ’ என்ற நினைப்போடு எழுதப்பட்டவை. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

கணவர் வேலை கிடைத்து மூஸ் ஜோவுக்குப் போய்விட்டார். ஜனவரியில் நானும் பிள்ளைகளும் போகிறோம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. ரொறன்ரோ மாமா அனுப்பும் வீடியோக்கள்தான் மகனுக்குக் கனடா. இந்த ஊரைப் பற்றி எப்படிச் சொல்வது?
— ஒரு தாய், களுவாஞ்சிகுடி

முதலில் ரொறன்ரோவை மெல்லக் கழற்றிவிடுங்கள். மாமா வீட்டிலிருந்து மூஸ் ஜோவுக்குத் தரைவழியாக 2,500 கிலோமீற்றருக்கு மேல். ஊரில் இருப்பது 33 ஆயிரத்துச் சொச்சம் பேர். நிலக்கீழ் ரயில் இல்லை, தமிழ்க் கடைத்தெரு இல்லை. போய் இறங்கிய பிறகு இது தெரியவந்தால் பிள்ளை மனம் உடைந்துபோவான். இப்போதே தெரிந்தால் ஒரு செய்தியோடு முடிந்துவிடும்.

மகனுக்குத் தூரத்தைச் சொல்ல நமது கரையோர வீதியே போதும். பக்கத்துப் பெரிய நகரமும் மாகாணத் தலைநகருமான ரெஜைனா சுமார் 70 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் என்று வையுங்கள். இந்த வழியில் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, காரைதீவு என்று வீடு விடாமல் வரும். அங்கே இரண்டு மூன்று சிறு கிராமங்கள், மற்றதெல்லாம் வயல். படுவான்கரையில் அறுவடை முடிந்த வயல் நடுவே அவனை நிறுத்தி, வரம்பையும் தென்னையையும் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி புரிந்துவிடும். அந்த வயலில் என்ன விளைகிறது என்று கேட்பான். குசினியில் இருக்கும் மைசூர் பருப்புப் போத்தலை எடுத்துக் காட்டுங்கள். இலங்கைக்கு வரும் பருப்பில் பெரும்பங்கு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும்தான் வருகிறது. கனடாப் பருப்பில் மிகப் பெரும்பகுதி விளைவது சஸ்காச்சுவானில். மே மாதம் விதைத்து ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுப்பார்கள். தோல் நீக்கி இரண்டாக உடைத்தால் நமது சிவப்புப் பருப்பு. தான் தின்று வளர்ந்த பருப்பின் ஊருக்குத்தான் போகிறோம் என்பது 9 வயதுக்கு நன்றாகப் பிடிக்கும்.

குளிரை வாயால் விளக்க முடியாது. ஐஸ்கிறீம் விற்கும் கடையில் கேட்டு டீப் பிரீசரைத் திறந்து, உலர்ந்த கையைச் சில விநாடி உள்ளே வைக்கச் சொல்லுங்கள். அது மைனஸ் 18 பாகை அளவில் இருக்கும். ஜனவரியில் மூஸ் ஜோவில் அது சாதாரண நாள். மைனஸ் 30க்குக் கீழே போகும் நாட்களும் உண்டு. அதன்மேல் காற்று. ஈரக்கையை மின்விசிறிக்கு முன்னால் பிடித்தால் காற்று எப்படிச் சூட்டை உருவி எடுக்கிறது என்று தெரியும். ஈர விரலால் பிரீசரின் உலோகத்தைத் தொட விடவேண்டாம், ஒட்டிக்கொள்ளும். அங்கே பாடசாலை முற்றத்து இரும்புக் கம்பியை நாக்கால் தொடக்கூடாது என்பதற்கும் அதே காரணம். ஆண்டுதோறும் ஏதோ ஒரு பிள்ளை சோதித்துப் பார்க்கத்தான் செய்கிறது.

வெளிச்சத்தையும் சொல்லிவையுங்கள். டிசெம்பர், ஜனவரியில் சூரியன் எழக் காலை 9 மணியாகும், 5 மணியளவில் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9 மணி கடந்தும் வெயில் இருக்கும். “இன்னும் பகல்தானே” என்று சின்னவள் படுக்க மறுப்பாள். தடித்த திரைச்சீலைக்கு இப்போதே கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

4 வயது மகளுக்கு இதெல்லாம் வேண்டாம். நெடுஞ்சாலை ஓரம் நிற்கும் ‘மக்’ என்ற பெரிய மூஸ் மான் சிலையின் படம் ஒன்று போதும். 1984இல் கட்டியது, உயரம் சுமார் 10 மீற்றர். 2015இல் நோர்வேயில் அதைவிட 30 சென்ரிமீற்றர் உயரமான மான் ஒன்றை எழுப்பிவிட்டார்கள். மூஸ் ஜோக்காரர் பொறுப்பார்களா? 2019இல் மக்குக்குப் பெரிய கொம்பாக மாற்றிப் பட்டத்தைத் திருப்பி எடுத்தார்கள்.

குளிர் உடுப்புகளை இங்கேயே வாங்கிக்கொண்டு போகலாமா? கொழும்பில் மலிவு என்கிறார்கள்.
— அக்கரைப்பற்று வாசகர்

உள்ளாடை வகையை வாங்கலாம். வெளி ஜக்கெற், பூட்ஸ் வாங்கவேண்டாம். இங்கே ‘வின்ரர் ஜக்கெற்’ என்று விற்பவை பெரும்பாலும் நுவரெலியாவுக்குத்தான் காணும்.

மூன்று அடுக்கு வேண்டும். உடம்போடு ஒட்டுவது பருத்தியாக இருக்கக்கூடாது. ஓடி விளையாடும் பிள்ளைக்கு வியர்க்கும், பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும், ஓட்டம் நின்றதும் அதே ஈரம் குளிர்விக்கும். பொலியெஸ்ரர் அல்லது மெரினோ கம்பளி நல்லது. நடுவில் ‘பிளீஸ்’ என்ற மென்மையான சூட்டுத் துணி. வெளியே காற்றும் நீரும் புகாத ஜக்கெற், தோள்பட்டி வைத்த ஸ்னோ பான்ற்ஸ்.

பூட்ஸ் உள்ளுறை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். இரவில் எடுத்துக் காயவைக்காவிட்டால் அடுத்த நாள் ஈரத்தோடுதான் போவான். விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலம் இடம் வேண்டும். ‘குளிருமே’ என்று இரண்டு மூன்று காலுறையைத் திணிப்பதுதான் வழக்கமான பிழை. கால் இறுகி இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும். தடித்த காலுறை ஒன்றே போதும். விரல் பிரிந்த கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக இருக்கும் மிட்டன் சூடு. குறைந்தது இரண்டு சோடி வாங்குங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். சால்வை விளையாட்டுச் சாதனங்களில் சிக்கிக் கழுத்தை இறுக்கலாம். கழுத்தில் மாட்டும் குழாய்த் துணி பாதுகாப்பு.

போடும் ஒழுங்கை வீட்டிலேயே பழக்குங்கள்: ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ், ஜக்கெற், கழுத்துத் துணி, தொப்பி, கடைசியில் மிட்டன். மிட்டனை முதலில் போட்ட பிள்ளைக்கு சிப் இழுக்கக் கை வராது. இருபது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் சிப் போட்டு முடிப்பதற்குள் இடைவேளையே முடிந்துவிடும்.

பயண நாளுக்கு: பிள்ளையின் பாதத்தைக் கடதாசியில் வைத்து வரைந்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்து அங்கே இருப்பவருக்கு அனுப்புங்கள். பூட்ஸையும் ஜக்கெற்றையும் அவர் வாங்கி ரெஜைனா விமான நிலையத்துக்குள்ளேயே கொண்டுவரட்டும், காரில் வைத்துவிட்டு வரக்கூடாது.

காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் குளிர் அளவு மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடம். காது, மூக்கு, கன்னம் முதலில் படும். நமது நிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோல் வெளிறித் தெரியும், உணர்வும் குறையும். தேய்க்கக் கூடாது. உள்ளே கூட்டிவந்து வெறும் கையின் சூட்டை வைத்துப் பிடியுங்கள், அல்லது வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியரிடம்.

அங்கே எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? தடுப்பூசிக் கொப்பியை மொழிபெயர்க்க வேண்டுமா?
— வாழைச்சேனைத் தாய்

வகுப்பு வயதைப் பார்த்துத்தான். பாடசாலை செப்டெம்பரில் தொடங்கும். அந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்து இன்னும் 5 கழியுங்கள். 2016இல் பிறந்தவர் 2026 செப்டெம்பரில் தரம் 5. பூச்சியம் வந்தால் கிண்டர்கார்டன். புலமைப்பரிசில் பரீட்சை இல்லை. தரம் 5 பிள்ளைக்கு ரியூசன் ஓட்டம் இல்லாத ஒரு வருடம் கிடைக்கும், அதை வேறு ரியூசனால் நிரப்பாதீர்கள். 4 வயதுக்கான ‘ப்ரீ-கே’ சில பாடசாலைகளில் உண்டு, எல்லோருக்கும் இடம் கிடையாது.

ஊரில் பிரெய்ரி சவுத், ஹோலி ட்ரினிட்டி (கத்தோலிக்கம்) என இரு பாடசாலைப் பிரிவுகள். இரண்டும் அரச நிதியில் நடப்பவை. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, குடிவரவுப் பத்திரங்கள், தேர்ச்சி அறிக்கை, தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைக் கையில் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். புதிதாக வருபவர்களுக்கு உதவ மூஸ் ஜோ பல்கலாசாரப் பேரவை இருக்கிறது.

தடுப்பூசிக் கொப்பியில் கையால் எழுதிய திகதிகள் மங்கியிருந்தால், போகுமுன் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் தெளிவாக ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். அங்கே ஒரு விடயத்தில் பெற்றோர் வாதாடுவதுண்டு. இலங்கையில் எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) ஊசி 9 மாதத்திலும் 3 வயதிலும் போடப்படும். கனடாவில் 12 மாதத்துக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே இன்னொன்று போடச் சொல்வார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. இங்கே இலவச அட்டவணையில் இல்லாத கொப்புளிப்பான் ஊசியும் அங்கே உண்டு. ஏற்கெனவே வந்த பிள்ளையென்றால் மாதம், ஆண்டைக் குறித்துக்கொண்டு போங்கள். கையில் இருக்கும் பி.சி.ஜி. தழும்பைத் தாதிக்குக் காட்டுங்கள். காசநோய்த் தோல் பரிசோதனையின் முடிவைப் படிக்க அது தேவை.

செப்டெம்பர் 30 அன்று பிள்ளைகள் செம்மஞ்சள் ரீசேட் அணிந்து போவார்கள். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துத் தங்கவைத்த பாடசாலைகளை நினைவுகூரும் நாள் அது. மூஸ் ஜோ இருப்பதும் 1874இல் பழங்குடியினரோடு செய்த 4ஆம் ஒப்பந்த நிலத்தில்தான். ஏன் அணிகிறோம் என்பதைப் பிள்ளை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

பேரப்பிள்ளைகளோடு எத்தனை மணிக்குக் கதைக்கலாம்? மகள் மாற்றி மாற்றிச் சொல்கிறாள்.
— அம்மம்மா, கல்லடி

மாறுவது ரொறன்ரோ நேரம்தான், அம்மா. சஸ்காச்சுவானில் மணிக்கூட்டை முன்பின் திருப்புவதில்லை. வருடம் முழுதும் நமக்கு அவர்கள் பதினொன்றரை மணித்தியாலம் பின்னால். உங்கள் இரவு ஏழரை அங்கே அதே நாள் காலை 8 மணி. சனி, ஞாயிறில் அதுவே நல்ல நேரம். அங்கே மாலை 7 மணி என்றால் இங்கே அடுத்த நாள் விடிகாலை ஆறரை.

ஊருக்குள் ஆறு உண்டாம். வாவிக்கரையில் வளர்ந்த பிள்ளைகள், தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டார்கள்.
— திருக்கோவில் தந்தை

மூஸ் ஜோ ஆறும் தண்டர் கிறீக்கும் சேரும் வகமோ பள்ளத்தாக்கு நடக்க அருமையான இடம். ஆனால் உறைந்த ஆற்றில் இறங்கக்கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லுங்கள். தனியாள் நடக்க 15 சென்ரிமீற்றர், கூட்டமாகச் சறுக்க 20 சென்ரிமீற்றர் தடித்த தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பது கனேடிய செஞ்சிலுவைச் சங்கத்தின் அளவு. ஓடும் ஆற்றில் அடியில் நீர் அரிப்பதால் ஓரிடத்தில் 20 இருக்கும், நாலடி தள்ளி 5 இருக்கும். மேலே பனித்தூள் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. நீச்சல் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து கூட, ஏனென்றால் அவனுக்குப் பயம் இருக்காது.

சறுக்க ஆசையென்றால் தண்ணீர் பாய்ச்சி உறையவைத்த சறுக்குத் தளங்களுக்குப் போங்கள். சறுக்குச் சப்பாத்து வழமையான அளவைவிட ஒன்று, ஒன்றரை சிறிதாக இருக்கும். புதிதாக வாங்கினால் கடையில் கூர் தீட்டி வாங்குங்கள். தீட்டாததோடு இறங்கிய பிள்ளை வழுக்கி வழுக்கி விழுந்து, தனக்கு வராது என்று முடிவுகட்டிவிடும். ஹொக்கி ஹெல்மெற் கட்டாயம். முதல் பாடம் முழங்காலை மடித்துப் பக்கவாட்டில் விழுவதும், ஒரு காலை ஊன்றி எழும்புவதும்.

முதல் சில மாதத்தில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?
— காரைதீவு வாசகி

குளிர்காலத்தில் மேற்கு அபிவிருத்தி அருங்காட்சியகம். ரயில், கார், விமானம் என்று போக்குவரத்துக்கே ஆனது, முழுதும் கட்டடத்துக்குள். கிறெசென்ற் பூங்காவிலுள்ள பொது நூலகத்தில் முதல் வாரமே அட்டை எடுங்கள். நிலக்கீழ்ச் சுரங்கச் சுற்றுலா பெயர்பெற்றது, நடிகர்கள் நடித்துக் காட்டுவார்கள். இருட்டும் திடீர்ச் சத்தமும் உண்டு, சின்னவர்களுக்கு வேண்டாம். பெரிய பிள்ளைகளைக் கூட்டிப்போனால், சீனக் குடியேறிகளிடம் 1885இல் 50 டொலரும் 1903இலிருந்து 500 டொலரும் தலைவரி அறவிடப்பட்டது உண்மை என்றும், அல் கபோன் அங்கே ஒளிந்திருந்தார் என்பது சான்றில்லாத கதை என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

ஊருக்குத் தெற்கே விமானப்படைப் பயிற்சித் தளம் இருக்கிறது. ‘ஸ்னோபேர்ட்ஸ்’ சாகச அணியின் தளமும் அதுதான். ஒன்பது விமானம் சேர்ந்து தாழப் பறப்பது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். போரில் கிபிர் விமானங்கள் குண்டு வீசிய காலத்தைக் கண்ட பெரியவர்கள் கூடப் போவதானால், அந்தச் சத்தத்தைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பாடசாலைக்கு என்ன சாப்பாடு கொடுப்பது? ஹலாலும் பார்க்கவேண்டும்.
— உம்மா, ஏறாவூர்

வகுப்பில் சாப்பாட்டைச் சூடாக்கித் தருவார்கள் என்று நம்பவேண்டாம். அகன்ற வாய்ப் பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, கொட்டிவிட்டு, ஆவி பறக்கும் சோறு கறியை உடனே நிரப்புங்கள். குளிர்ந்த பிளாஸ்கில் போட்டால் மதியத்துக்குள் ஆறிவிடும். பிட்டு காய்ந்து தொண்டையை அடைக்கும், கறி சேர்த்துப் பிசைந்தே வையுங்கள். மூடியைச் சின்னக் கையால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். பல பாடசாலைகளில் ஒவ்வாமை காரணமாகக் கச்சான் கொண்டுபோகத் தடை. மார்ஷ்மெலோ, கம்மி வகைகளில் பன்றி ஜெலற்றின் இருப்பது வழக்கம். பிறந்தநாள், ஹலோவீன் நாட்களில் கிடைப்பதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வகுப்பாசிரியருக்கும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

காரில் பிள்ளைக்கு வைக்கும் இருக்கையை இங்கிருந்து கொண்டுபோகலாமா?
— களுதாவளை வாசகர்

முடியாது. கனேடியப் பாதுகாப்புச் சின்னம் ஒட்டியதே சட்டப்படி செல்லும். சஸ்காச்சுவானில் 7 வயதுக்குக் குறைந்து, 145 சென்ரிமீற்றருக்கும் 36 கிலோவுக்கும் குறைந்த பிள்ளைக்கு பூஸ்ரர் இருக்கையாவது வேண்டும்; 18 கிலோவுக்குக் குறைந்தவருக்கு வார்ப்பட்டியுள்ள முழு இருக்கை. தடித்த ஜக்கெற்றோடு வாரை மாட்டாதீர்கள். மோதும்போது ஜக்கெற் அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜக்கெற்றைக் கழற்றி, வாரை இறுக்கி, மேலே போர்வையாகப் போட்டுவிடுங்கள்.